சமையலுக்கு எரிச்சது அம்மா காலத்துல அதிகமா, இப்ப அதிகமா? ஒரு வீட்டுச் சண்டை

கரிசல்_பய:
வணக்கம் மக்களே. ஒரு பஞ்சாயத்து. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், அருப்புக்கோட்டை பக்கம். சிலிண்டர் வந்துச்சு, அம்மா காசை எண்ணிக் குடுத்துட்டு "எங்க காலத்துல சோறாக்க ஒத்த பைசா செலவு கெடையாது, இப்ப அடுப்பு பத்த வைக்கவே ஆயிரம் ரூவா வேணும், இதுல முன்னேத்தமாம்"னு ஒரு இடி இடிச்சாங்க. நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும். இல்லம்மா அப்பதான் நீங்க இப்பத்த விட நாலு மடங்கு எரிச்சீங்கன்னு சொல்லித் தொலைச்சேன். அதோட என் கூட பேச்சு கட்.

சரி கணக்கை இங்க போடுறேன், தப்புன்னா சொல்லுங்க. 1980கள்ல எங்க வீட்ல எரிஞ்சது பருத்திமாரு, துவரமாரு, மிளகாமாருன்னு காஞ்ச செடித் தண்டுங்க, மாடு இருந்ததால எருவாட்டி, மத்தபடி எல்லாம் சீமைக்கருவேலம். காசு குடுத்து வாங்குனது தீப்பெட்டி மட்டும்தான், அம்மா சொல்றது அந்த வகையில உண்மை. அப்புறம் 90கள்ல ரேஷன் சீமெண்ணெய்ல பம்ப் ஸ்டவ், அதுவும் காப்பி போட மட்டும், பின் வச்சு குத்திக் குத்தி பத்த வைக்கிறதுக்குள்ள வந்த விருந்தாளி கெளம்பிருவாரு. 2006ல ஆட்சி மாறுனதும் இலவச கேஸ் அடுப்பு அறிவிச்சாங்கல்ல, அதுல எங்களுக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் 2011ல அறிவிச்ச மிக்ஸி கிரைண்டர் ஃபேன்.

இப்ப ஒரு சிலிண்டர்ல 14.2 கிலோ. கிலோவுக்கு சுமார் 46 மெகாஜூல் (சூட்டை அளக்குற அளவு) வச்சா மொத்தம் 650 சொச்சம். அடுப்புல 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போகுதுன்னு வச்சா 390 மெகாஜூல் உருப்படியான சூடு. இதே சூட்டை மூணு கல்லு அடுப்புல எடுக்கணும்னா? விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல், அதுல 12, 13 சதவீதம்தான் சட்டிக்குப் போகும், மிச்சம் எல்லாம் புகையும் சுவரும் நம்ம மூஞ்சியும். அப்ப கிட்டத்தட்ட 200 கிலோ விறகு. அதாவது 3000 மெகாஜூல் எரிச்சு 390 எடுத்திருக்கோம். ஒரு சிலிண்டர் = 200 கிலோ விறகு. எருவாட்டின்னா இதை விட மோசம், 300 கிலோவைத் தாண்டும்.

ஆக எரிசக்தி கணக்குல நாம இறங்கி வந்திருக்கோம், காசு கணக்குல ஏறிட்டோம். சரிதானே?

சும்மா_வந்தேன்:
கணக்கெல்லாம் இருக்கட்டும் சகோ, விறகடுப்பு கறிக்குழம்பு ருசி எத்தனை மெகாஜூல்?

பீஸ்கட்டை:
தம்பி கணக்கு ஏறக்குறைய சரி, ரெண்டு இடத்துல மட்டும் கை வைக்கிறேன். முதல்ல 15 மெகாஜூல்ங்கறது நல்லா காஞ்ச விறகுக்கு. ஐப்பசி கார்த்திகைல நனைஞ்ச விறகு வச்சு ஊதி ஊதி கண்ணு செவந்து நிக்கிறப்ப அந்த ஈரத்தை ஆவியாக்கவே நிறைய தீ போயிரும், அப்ப 200 கிலோ 300 ஆகும். இன்னொண்ணு, மூணு கல்லு அடுப்பும் களிமண்ணுல நல்லா பூசுன கொடியடுப்பும் ஒண்ணு இல்ல. எங்க ஆத்தா கொடியடுப்புல முன்னாடி சோறு, பின்னாடி கொடியில குழம்பு, அதுக்கும் மேல ஒரு சட்டில வெந்நி, கடைசில தணல்ல கருவாடு சுட்டு, சாம்பலை எடுத்து பாத்திரம் வெளக்குவாங்க. அதுல வீணானதுன்னு எதைச் சொல்றது.

சீமெண்ணெய்க்கும் கணக்கு சொல்லிடுறேன். லிட்டருக்கு 35 மெகாஜூல் மாதிரி, திரி ஸ்டவ்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியாதான் பாத்திரத்துக்கு வரும், ஆக உங்க சிலிண்டருக்கு சமமா 25 லிட்டர் வேணும். ரேஷன்ல குடுத்த கிருஷ்ணாயில்ல அது எத்தனை மாசத்துக் கோட்டான்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க. அதான் அது காப்பி ஸ்டவ்வாவே நின்னு போச்சு. டவுன்ல வாடகை வீட்ல இருந்தவங்க கதை வேற, நாங்க திருப்பூர்ல ஒண்டுக்குடித்தனத்துல இருந்தப்ப மரத்தூள் அடுப்பு. தகர டின்னுக்கு நடுவுல பாட்டிலை நிறுத்தி சுத்தி மரத்தூளை இடிச்சு இடிச்சு கெட்டிச்சு பாட்டிலை உருவிட்டா ஓட்டை வரும், அது வழியா எரியும். ஒரு தடவை கெட்டிச்சா ரெண்டு மணி நேரம் நின்னு எரியும். பாட்டிலை உருவுறப்ப சரிஞ்சுருச்சுன்னா அன்னிக்கு அடி.

செவ்வந்தி74:
பொம்பளைங்க யாரும் இன்னும் பேசலைங்கறதால நான் வர்றேன். நான் உசிலம்பட்டி பக்கம். தம்பி, 200 கிலோ விறகுன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க, அது நடந்து வராது. ஒரு தலைச்சுமை 20, 25 கிலோ. அப்ப எட்டு பத்து நடை. முள்ளை வெட்டணும், அந்த சீமைக்கருவேல முள்ளு குத்துனா செப்டிக் ஆகி வாரக்கணக்குல நொண்டணும், கட்டணும், தலையில ஏத்தி விட ஆள் வேணும், கண்மாய்க் கரையில இருந்து வீடு வரைக்கும் நடக்கணும். எங்க அம்மாவோட நான் ஏழாங்கிளாஸ் படிக்கிறப்ப சனி ஞாயிறு முழுக்க இதான். ஒத்த பைசா செலவில்லன்னு உங்க அம்மா சொல்றதுக்கு என்ன அர்த்தம்னா, அவங்க உடம்புக்கு யாரும் கூலி போடலைன்னு அர்த்தம்.

கேஸ், விறகுன்னு மட்டும் பேசுறீங்க. சோறுங்கறது அடுப்புல ஆரம்பிக்கிறதா? கம்பை உரல்ல போட்டு தண்ணி தெளிச்சு குத்தி, புடைச்சு, மறுபடி குத்தி மாவாக்கி, அப்புறம்ல கூழு. கேழ்வரகுன்னா திருகை. தோசைக்குன்னா ஆட்டுக்கல்லு, அம்மியில மசாலா. குடத்துல தண்ணி. இதெல்லாம் எரிசக்தி இல்லாம எதுல நடந்துச்சு?

பீஸ்கட்டை:
அக்கா நீங்க சொன்னதும் கணக்கு போட்டுப் பார்த்தேன், போட்டிருக்கவே வேணாம்னு ஆயிருச்சு. ஒரு ஆள் விடாம வேலை செஞ்சா 75 வாட் மாதிரிதான் வெளிய வரும். எட்டு மணி நேரம் ஆட்டி, இடிச்சு, சுமந்தா 600 வாட் ஹவர், அரை யூனிட்டுக்கு கொஞ்சம் மேல. அஞ்சு ரூபா யூனிட்னா மூணு ரூபா.

செவ்வந்தி74:
பாத்தீங்களா. எங்க அம்மா ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிஞ்சது மூணு ரூபா. அதான் சொல்றேன் இந்த யூனிட்ட வச்சு அளந்தா நாங்க எப்பவுமே கணக்குல வர மாட்டோம், 3000 மெகாஜூல் விறகுக்குப் பக்கத்துல எங்க உழைப்பு ஓரத்துல ஒரு புள்ளி. அந்தப் புள்ளி இல்லாம அந்த விறகு எரியுமா? இலவச கிரைண்டர் வந்தப்ப ஓட்டுக்கு லஞ்சம் லஞ்சம்னு ஆம்பளைங்க டீக்கடைல பேசுனாங்க, எங்க தெருவுல ஒரு பொம்பள பேசல. அந்த கிரைண்டர் 150 வாட் சொச்சம், முக்கால் மணி நேரம் ஓடுனாலும் 0.1 யூனிட்தான். கரண்டு பில்லுல தெரியவே தெரியாது. தோள்பட்டைல தெரியும்.

கரிசல்_பய:
அக்கா ஒத்துக்கிறேன், நான் போட்ட கணக்குல பாதி இல்லை. அம்மா அன்னிக்கு கோவப்பட்டது இதுக்குத்தானோ என்னமோ, நீங்க அதிகமா எரிச்சீங்கன்னா என்னமோ அவங்க ஊதாரி மாதிரி ஆயிருச்சு.

டெல்டா_ராசு:
ஒரு விசயம் யாரும் சொல்லல, எத்தனை வேளை அடுப்பு பத்த வச்சோம்? எங்க மன்னார்குடி பக்கம் கூலி வேலைக்குப் போற வீட்ல சாயந்திரம் ஒரே உலை. ராத்திரி சுடுசோறு, மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சா காலைல பழையது, மதியத்துக்கும் அதே தூக்குவாளி. இட்லி தோசை தீவாளி பொங்கலுக்கு. இப்ப காலைல டிஃபன், மதியம் சாப்பாடு, ராத்திரி மறுபடி டிஃபன், நடுவுல ரெண்டு டீ. நம்ம கரிசல் தம்பி ஒரே அளவு சூடு வேணும்னு எடுத்துக்கிட்டு கணக்கு போட்டுட்டாரு, ஆனா வேண்டிய சூடே கூடிப் போச்சு. கிரைண்டர் வந்ததால தினம் மாவு, மாவு மிஞ்சுறதால ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜு எங்க வீட்ல 24 மணி நேரமும் ஓடி வருசத்துக்கு 250 யூனிட் கிட்ட இழுக்குது. அதையும் சோத்து கணக்குலதான எழுதணும், ஃபிரிட்ஜுல புத்தகமா வச்சிருக்கோம்.

இன்னொரு பக்கம் வீட்டுக்குள்ள இருந்து வெளிய போனதும் இருக்கு. நெல்லு அவிக்கிறது முன்னாடி வீட்டு வேலை, அண்டாவுல ஊற வச்சு பெரிய அடுப்புல உமியும் வைக்கோலும் போட்டு அவிச்சு வாசல்ல காயப்போட்டு கோழி வெரட்டி அப்புறம் மில்லுக்கு. இப்ப ரேஷன் அரிசி புழுங்கலாவே வருது, அந்த நெருப்பு எங்கயோ மாடர்ன் ரைஸ் மில் பாய்லர்ல எரியுது. எரியாம போயிடல, நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.

சாண எரிவாயு கதையும் அப்படித்தான். எங்க பெரியப்பா வீட்ல 80கள்ல கோபர் கேஸ் குழி போட்டாங்க, ஜம்முனு எரிஞ்சுச்சு. அப்புறம் டிராக்டர் வந்துச்சு, ஏர் மாடு வித்தாச்சு, சாணி எங்க? குழில இப்ப வாழ நிக்குது.

பீஸ்கட்டை:
ராசு அண்ணே அருமை. குக்கரை விட்டுட்டீங்க. வடிச்ச சோத்துக்கு ஆகுற தீயும் குக்கர் சோத்துக்கு ஆகுற தீயும் ஒண்ணா, பருப்புக்கெல்லாம் வித்தியாசம் ரொம்ப.

சும்மா_வந்தேன்:
குக்கர் சோறு சுகர்காரனுக்கு ஆகாதுன்னு எங்க அப்பா வடிச்ச சோறுதான் கேப்பாரு. ஆனா வடிகஞ்சிய மட்டும் குடிச்சிருவாரு.

யாழ்_ஊமல்:
வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து. உங்கட கதை விறகு, மண்ணெண்ணெய், காஸ், கரண்ட் எண்டு ஒழுங்கா ஏணிப்படி மாதிரி ஏறிப் போகுது. எங்களுக்கு அது ஏறினதும் விழுந்ததும்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, குடாநாட்டுக்குள்ள கரண்ட் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் எண்டா தங்கம். இருந்த மண்ணெண்ணெயை அடுப்புக்கு விடுறதோ, ஜாம் போத்தல் விளக்குக்கு விடுறதோ, பெற்றோல் ரெண்டு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மோட்டச் சைக்கிளுக்கு விடுறதோ எண்டு வீட்டில யோசிக்கிறது. அம்மா சமைச்சது பனைமட்டை, காவோலை, பன்னாடை, பொச்சுமட்டை, ஊமல். ஊமல் எண்டா பனங்கிழங்கு எடுத்தாப்பிறகு மிஞ்சிற கொட்டை, நிண்டு எரியும், அதான் என்ர பேர். அந்த நேரம் பனையும் தென்னையும் இல்லையெண்டா எத்தினை வீட்டில உலை ஏறியிருக்காது.

பிறகு எல்லாரும் காஸுக்கு மாறினம். 2021 கடைசியில சிலிண்டர்கள் வெடிக்கத் தொடங்கிச்சு, உள்ளுக்க இருந்த புரொப்பேன் பியூட்டேன் விகிதத்தை மாத்தினதுதான் காரணம் எண்டு கதை நாடு முழுக்கப் போச்சு. மாமி சிலிண்டரைக் குசினிக்கு வெளியில கொண்டுபோய் வச்சு நீள ஹோஸ் போட்டவா. அடுத்த வருசம் வெடிக்கிறதுக்கும் சிலிண்டர் இல்லை, டொலர் இல்லையெண்டு கியூவில நிண்டம். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்ரோபரில 1493 ரூபாயில இருந்து 2675 ஆனது, 2022 ஏப்ரலில 4860. கரண்ட் அடுப்பு வாங்கலாம் எண்டா மார்ச் கடைசியில ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. கொழும்பில அடுக்குமாடியில இருந்த என்ர தங்கச்சி பல்கனியில விறகு மூட்டினவள். அப்ப எங்கட ஊரில அனகி அடுப்பு, அந்த ரெண்டு வாய் மண் அடுப்பு, திரும்பவும் நல்லா வித்தது.

அதால சொல்றன், உங்கட அம்மா முற்றத்து அடுப்பை இடிக்கேல்லை எண்டா இடிக்காமலே விடுங்கோ.

செவ்வந்தி74:
ஊமல் தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. இங்க 2012ல பதினாலு மணி நேரம் கரண்டு இல்லாம இருந்தப்ப புது இண்டக்சன் அடுப்பெல்லாம் பரண்ல ஏறுன ஞாபகம் வந்துச்சு. இலவசமா வந்த கிரைண்டர் பக்கத்துலயே உக்காந்து ஆட்டுக்கல்லுல ஆட்டுனோம்.

நைட்_டூட்டி:
எல்லாரும் வெளி அடுப்பை வச்சுக்கோங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நர்ஸா குறுக்க வர்றேன். வார்டுல மூச்சுத் திணறலோட வர்ற வயசான அம்மாக்கள்ட்ட பீடி சிகரெட் உண்டான்னு கேக்குற மாதிரியே எந்த அடுப்புல சமைச்சீங்கன்னும் நான் கேப்பேன். ஒரு தம் கூட அடிக்காதவங்களுக்கு நாப்பது வருசம் புகைச்சவன் நுரையீரல். உலக சுகாதார நிறுவனம் 2020ல மட்டும் வீட்டு அடுப்புப் புகையால 32 லட்சம் பேர் இறந்ததா மதிப்பிட்டிருக்கு. சென்னை போரூர் ராமச்சந்திரா மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு இதுல வருசக்கணக்கா வேலை செய்யுது, மறைஞ்ச அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிர்க் ஸ்மித் அவங்க கூட சேர்ந்து பண்ணது நிறைய.

ஆனா நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமா குடுத்து பெரிய ஆய்வு நடந்துச்சு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, அப்புறம் நம்ம தமிழ்நாடு, மொத்தம் 3200 பேர். குழந்தை எடை கூடும்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க, 2022ல முடிவு வந்தப்ப பெருசா வித்தியாசம் இல்ல. அதுக்காக புகை நல்லதுன்னு ஆகாது. புகை குறைஞ்சது அளந்ததுல தெரிஞ்சுச்சு, குழந்தை எடைக்கு அது மட்டும் போதலை. அடுப்பை மாத்துனா எல்லாம் சரியாயிடும்னு மேடைல பேசுறவங்கள நான் அதுக்கப்புறம் அவ்ளோ நம்புறதில்ல.

கரிசல்_பய:
நர்ஸக்கா நன்றி. அப்ப 80கள்ல அரசாங்கம் போட்ட புகையில்லா அடுப்பு என்னாச்சு? எங்க வீட்லயும் சிமெண்ட் குழாய் வச்ச ஒண்ணு இருந்த ஞாபகம்.

டெல்டா_ராசு:
இருந்துச்சு இருந்துச்சு. 1983 வாக்குல மத்திய அரசுத் திட்டமா வந்தது. வந்தவன் பூசிட்டு போட்டோ எடுத்துட்டு போயிட்டான். குழாய்ல கரி அடைச்சுது, யாரு ஏறி சுத்தம் பண்றது? எங்க சட்டி வாய்க்கு அது பொருந்தல. கூரைல ஓட்டை போட்டதால மழை உள்ள. ஒரே வருசத்துல எங்க அம்மா கடப்பாரை எடுத்து இடிச்சுட்டு பழைய அடுப்பையே பூசுனாங்க. அடுப்பை யாரு பயன்படுத்துறாங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அதான்.

பீஸ்கட்டை:
இப்பயும் அப்படித்தான ஓடுது. 2016 மே 1ல உ.பி.ல இருக்குற பலியா ஊர்ல உஜ்வலான்னு ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு குடுக்குற மத்திய அரசுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, கோடிக்கணக்குல இணைப்பு குடுத்தாச்சு. ஆனா 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல நாடு முழுக்க சுத்தமான எரிபொருள்ல சமைக்கிற வீடு 58.6 சதவீதம்தான். அதுக்கு முந்தின கணக்கெடுப்புல 43.8, ஏறியிருக்கு, இல்லைன்னு சொல்லல. இணைப்பு குடுக்குறது வேற, மறு சிலிண்டர் வாங்குறது வேற. தமிழ்நாடு 80ஐத் தாண்டிருச்சு, அதுலயும் பல வீட்ல வெந்நிக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகுதான். விலையும் பாருங்க, 2020ல மானியம் நின்னுச்சு, சென்னைல 2023 மார்ச்ல 1118.50 வரைக்கும் போச்சு, தேர்தல் நெருங்க நெருங்க 818.50க்கு எறங்கி, 2025 ஏப்ரல்ல 868.50. சிலிண்டர் விலைய பார்த்தே தேர்தல் தேதிய சொல்லிடலாம்.

தம்பி, இண்டக்சன் கணக்கும் வச்சுக்கோங்க. உங்க 390 மெகாஜூலை 85 சதவீதத்துல எடுத்தா 128 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016ல இருந்து இருக்கு, ஆனா அது ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்குமே போயிரும், அதுக்கு மேல சமையலையும் ஏத்துனா 500ஐ தாண்டுற வீட்டுக்கு பில்லு வேற மாதிரி வரும். சின்னக் குடும்பம்னா பாதி இதுல பாதி அதுலன்னு ஓட்டலாம், நாங்க அப்படித்தான்.

கரிசல்_பய:
அப்டேட். ஊருக்குப் போயிட்டு வந்தேன். கொக்கி வச்ச டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். அம்மாகிட்ட முதல்ல மன்னிப்பு, அப்புறம் ஒரு நாள் மதியச் சமையலை முழுக்க வெளி அடுப்புல பண்ணச் சொன்னேன், நாலு பேருக்கு சோறு, கத்திரிக்கா குழம்பு, ஒரு பொரியல். காஞ்ச கருவேல விறகை எடை போட்டு வச்சு, கடைசில தணலைத் தண்ணி தெளிச்சு அணைச்சு மிஞ்சுன கட்டைய எடை போட்டேன். 2 கிலோ 400தான் எரிஞ்சிருந்துச்சு. என் கணக்குப்படி 3 கிலோ கிட்ட ஆகணும். ஏன்னு பாத்தா அம்மா விறகை உள்ள தள்ளுறதும் இழுக்குறதுமா கையாலயே தீயை ட்யூன் பண்றாங்க, சோறு வடிக்கிறப்ப தீயைப் பொரியலுக்கு மாத்திடுறாங்க, ஒரு நிமிசம் சும்மா எரியல. மறுநாள் நான் அதே சமையலை பண்ணேன், 3 கிலோ 900, பொரியல் தீய்ஞ்சுருச்சு, கண்ணு ரெண்டும் செவந்து நாள் பூரா தண்ணி வடிஞ்சுச்சு.

செவ்வந்தி அக்கா சொன்னதையும் கேட்டுப் பாத்தேன், வாரத்துக்கு எத்தனை நடை விறகுக்குப் போனீங்கன்னு. "எண்ணுனதில்ல"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ வயித்துல இருக்கும்போது ஏழாம் மாசம் வரைக்கும் போனேன், அப்புறம் உங்க அத்தை போனா"ன்னாங்க. அத்தைக்கு இப்ப முட்டி போச்சு.

சிலிண்டருக்கு இனிமே நான் காசு அனுப்புறேன்னேன். சரின்னாங்க. வெளி அடுப்பை இடிச்சு மேடை கட்டித் தரவான்னு கேட்டேன், வெந்நி எங்க வைக்கிறது, உன் தலைலயான்னாங்க.

செவ்வந்தி74:
பேச ஆரம்பிச்சுட்டாங்கல்ல, அது போதும்.

கரிசல்_பய:
பேசுறாங்க அக்கா. கெளம்பும்போது அந்த தராசை இங்கயே வச்சுட்டுப் போன்னு சொன்னாங்க, கோழி விக்கிறப்ப கடைக்காரன் எடைல ஏமாத்துறானாம்.

சும்மா_வந்தேன்:
கோழி நாட்டுக்கோழியா சகோ? கிலோ என்ன வெல?